பத்தொன்பதாவது பாரில் பிரேக்

எந்தப் பாட்டையும் ஒருமுறை கேட்டால் போதும், ஷெர்லின் அப்படியே பாடிவிடுவாள். அதே பாட்டைத் தாளில் எழுதிக் கொடுத்தால் ஐந்து கோட்டின் மேல் யாரோ கடுகைச் சிதறவிட்ட மாதிரிதான் அவளுக்குத் தெரியும். இருபத்துமூன்று வயதுவரை இதை ஒருவருக்கும் தெரியாமல் காப்பாற்றி வந்தவள், ராயபுரத்தில் ஐஸ் ஃபேக்டரி மாடியில் நடந்த இசை ஆசிரியர் பயிற்சி வகுப்பில் சேர்ந்து மாட்டிக்கொண்டாள்.

அங்கே பாடச் சொல்ல மாட்டார்கள். ஸ்கோரை, அதாவது இசை எழுதிய அந்தத் தாளைப் படிக்கச் சொல்வார்கள். வகுப்பெடுத்த ஃப்ளோரன்ஸ் மிஸ்ஸுக்கு அதில் ஒரு பிடிவாதம் உண்டு.

"முதல் பத்து நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது. கண்ணால பாருங்க, மனசுக்குள்ள கேளுங்க. அப்புறம் ஒவ்வொரு பாருக்கும் நம்பர் போடுங்க. நாலு குரலையும் தனித்தனியாப் பாடிப் பாருங்க. கடைசியா, உங்க பசங்க எந்தெந்த இடத்துல விழுவாங்கன்னு நோட்டுல எழுதுங்க. விழறதுக்கு முன்னாடியே அந்த இடத்துல நீங்க போய் நிக்கணும்."

பார் என்றால், தாளில் செங்குத்துக் கோடு போட்டுப் பிரித்திருக்கும் சின்னச் சின்னக் கட்டங்கள்.

வாயைத் திறக்காமல் இருப்பதற்காக ஆளுக்கொரு கமர்கட் கொடுப்பார் மிஸ். அது கரையும்வரை முனகல் கூடக் கேட்கக் கூடாது. ஷெர்லினுக்குப் பக்கத்தில் உட்காரும் டெபோரா இரண்டாவது நிமிடத்திலேயே பாட ஆரம்பித்துவிடுவாள்.

"அதுக்குள்ள கரைஞ்சிடுச்சா?"

"முழுங்கிட்டேன் மிஸ்."

டெபோராவின் அப்பா ரயில்வேயில் வேலை செய்துகொண்டே கோயிலில் ஆர்கன் வாசிப்பவர். அவளுக்கு ஸ்கோர் என்பது கடைப் பலகையைப் படிப்பது மாதிரி. அவள் முணுமுணுப்பதைக் காதில் வாங்கிக்கொண்டு, தானே படித்ததுபோல் பாடிக் காட்டி ஷெர்லின் பத்து மாதம் ஓட்டிவிட்டாள்.

பதினோராவது மாதம் பரீட்சை வந்தது. திங்கட்கிழமை ஒரு புதுப் பாட்டின் ஸ்கோரைக் கொடுப்பார்கள். சனிக்கிழமை, இசை படிக்காத, அந்தப் பாட்டை இதற்கு முன் கேட்டே இராத எட்டுப் பேருக்காவது அதை நாற்பது நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துப் பாட வைக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து பார்ப்பார். ஆட்களும் இடமும் மாணவர் பொறுப்பு. ஃபோனில் தேடி எடுக்கவும் வழியில்லை. பாட்டு ஃப்ளோரன்ஸ் மிஸ்ஸே எழுதியது.

"கடலே கடலே கொஞ்சம் பொறு, காற்று வரட்டும்" என்று தொடங்கும் பாட்டு. மேலிருந்து கீழாகச் சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரல். முப்பத்திரண்டு பார்.

ஷெர்லின் எர்ணாவூர் சர்ச்சின் பெண்கள் பாடகர் குழுவைச் சொல்லி வைத்திருந்தாள். பத்துப் பேர். தலைவி ரோசி அக்கா. நல்ல குரல்கள், ஒருவருக்கும் ஸ்கோர் படிக்கத் தெரியாது. அந்த வகையில் சொல்லிக்கொடுக்கப் போகிறவளும் அவர்களும் ஒரே வகுப்பு.

செவ்வாய்க்கிழமை அவள் செய்தது தப்பு என்று அவளுக்கே தெரியும். டெபோராவைக் கெஞ்சி, வரி வரியாகப் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னாள். இருபத்தோரு துண்டுகள் வந்தன. காதில் ஏற்றிக்கொண்டு, பயத்தில் அத்தனையையும் ரோசி அக்காவுக்கும் அனுப்பிவிட்டாள். 'சும்மா கேட்டு வைங்க' என்று ஒரு வரி. வியாழக்கிழமைக்குள் பத்துப் பெண்களும் மீன் கழுவும்போதும் துணி உலர்த்தும்போதும் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, விழும் இடங்கள் நோட்டையாவது எழுதி வைக்கலாம் என்று ஸ்கோரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் அவர்களுடைய பாத்திரக் கடை. அப்பா ஆசீர்வாதம் குக்கருக்கு வாஷர் மாட்டிக்கொண்டிருந்தார். நாகர்கோவிலிலிருந்து வந்து முப்பது வருடம் ஆகியும் பேச்சு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

"என்ன மக்ளே, காலையிலேயே?"

"ஸ்கோர் பாக்கியேன்ப்பா."

"எவ்வளவு?"

"மூணுக்கு நாலு." தாள அளவைத்தான் அவள் சொன்னாள்.

"மூணு ரன்னுக்கு நாலு விக்கெட்டா? வெளங்குனாப்பலதான்" என்று அப்பா வருத்தத்துடன் அடுத்த குக்கரை எடுத்தார்.

அவள் பாருக்கு நம்பர் போட்டுக்கொண்டே வந்தாள். பதினெட்டில் "கொஞ்சம் பொறு." இருபதில் "காற்று வரட்டும்." நடுவில் பத்தொன்பதாவது பாரில் எதுவுமே இல்லை. நாலு குரலுக்கும் ஒரு கடுகு கூட இல்லை. கோட்டிலிருந்து தொங்கும் ஒரு சின்னக் கறுப்புக் கட்டை மட்டும் நாலு இடத்தில். ஜெராக்ஸ் மெஷினில் அழுக்கு என்று நினைத்து விரலால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு டெபோராவைக் கூப்பிட்டாள்.

"பத்தொன்பதாவது பார்ல ஒண்ணுமே இல்லையே?"

"அது ரெஸ்ட்டு மாமு! ஒரு பார் ஃபுல்லா எல்லாரும் கம்முனு கெடக்கணும். ஒன்னு, ரெண்டு, மூணு, அப்பால காத்து வரட்டும். மிஸ்ஸு அங்கதான் ஆப்பு வெச்சிகிறாங்க."

"நீ அனுப்புனதுல அது இல்லையே!"

"எப்டி இருக்கும்? 'பொறு'வோட ஒரு கிளிப்பு முடிஞ்சிச்சு, 'காத்து'ல இன்னொன்னு. நடுவுல கீற சைலன்ஸை நான் எப்டி அனுப்புவேன்?"

பத்துப் பெண்களும் அந்த மௌனத்தின் மேல் நடந்து போய்க்கொண்டிருக்கிறார்கள், மூன்று நாளாக.

"அப்ப பத்தொன்பதாவது பார்ல எல்லாரும் விழுந்துருவாங்களே!" என்றாள் சத்தமாக.

குக்கர் மூடி கீழே விழுந்தது. "பத்தொம்பது பாரா? யாரு மக்ளே அவனுவ?" என்றார் அப்பா.

அன்று முழுக்க அவள் உண்மையாகவே ஸ்கோரைப் படித்தாள். கமர்கட் வாங்கிவைத்துக்கொண்டு, வாயை மூடி, கண்ணால் பார்த்தாள். மத்தியானத்துக்குள் ஆல்ட்டோ குரல் கொஞ்சம் கொஞ்சமாக மனசுக்குள் கேட்டது. சாயங்காலம் டெனர் வந்தது. யாரும் பாடாமலே ஒரு பாட்டு தாளிலிருந்து எழுந்து வருவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் கையை வீசித் தாளம் போட்டதில் எவர்சில்வர் டம்ளர் அடுக்கு ஒன்று சரிந்து நடைபாதைவரை உருண்டது. நோட்டில் பன்னிரண்டு விழும் இடங்களை எழுதினாள். டம்ளர் அதில் சேரவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே கிளம்பினாள். பத்து மணிக்குப் பரீட்சை. அதற்குள் பெண்களின் வாயில் மௌனத்தை எப்படியாவது ஏற்றிவிட வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் வழக்கம்போல் வரிசையில் நின்றன. ஷேர் ஆட்டோ வரவில்லை. கடல் பக்கத்து மதில் நிழலில் நின்று, இடது கையில் ஸ்கோரைப் பிடித்து, வலது கையால் தாளம் போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். கீழே, வலப்பக்கம், மேலே. கீழே, வலப்பக்கம், மேலே.

அவளுக்குப் பத்தடி தள்ளி ஒரு நாற்பது அடி ட்ரெய்லர் நின்றது. அதன் டிரைவர் அருள்பிரகாசத்துக்குப் பேப்பரில் ஒரு சீல் குறைகிறது, திரும்பிப் போய் வாங்கி வா என்று அப்போதுதான் ஃபோன் வந்திருந்தது. பின்னால் எடுத்துச் சந்துக்குள் விட்டுத் திருப்ப வேண்டும். கிளீனர் டீ குடிக்கப் போய் அரைமணி நேரமாகிறது. எரிச்சலோடு கண்ணாடியில் பார்த்தார். ஒரு பெண் நின்று, வா, வலப்பக்கம் ஒடி, வா, என்று கை காட்டிக்கொண்டிருந்தாள். யார் பெற்ற பிள்ளையோ என்று மனம் நெகிழ்ந்து ரிவர்ஸ் போட்டார்.

ஷெர்லினின் கண் தாளைவிட்டு அகலவில்லை. மூன்றாவது பார், நாலாவது பார். ட்ரெய்லர் ஒடித்து ஒடித்து வந்தது. பதினெட்டாவது பார் முடிந்ததும் விரல்களை மடக்கிக் கையை நெஞ்சுக்கு நேரே நிறுத்தினாள். புஸ்ஸ் என்று ட்ரெய்லர் நின்றது. இருபதாவது பாரில் கையைத் திறந்தாள். மறுபடி வந்தது. முப்பத்திரண்டாவது பாரில் கையைச் சுழற்றி அழகாக முடித்தாள்.

நிமிர்ந்து பார்த்தால் சாலையைக் காணவில்லை. முன்னே ஒரு நீலச் சுவர் இருந்தது. ட்ரெய்லரின் மூக்கு ஒரு பக்கம் மின்கம்பத்தை உரசிக்கொண்டும், வால் இந்தப் பக்கம் மதிலைத் தொட்டுக்கொண்டும், இரண்டு திசைக்கும் வழியில்லாமல் குறுக்கே நின்றது. நூறு ஹாரன்கள் ஒரே நேரத்தில் எழுந்தன.

அருள்பிரகாசம் இறங்கி வந்தார்.

"இன்னாமா நீ! வா வான்னு காட்டிகினே இருந்தியே, இப்ப இன்னா முழிக்கிற?"

"உங்களுக்குக் காட்டலண்ணே."

"பின்ன யாருக்குக் காட்ன?"

"ஆல்ட்டோவுக்கு."

அவர் முன்னும் பின்னும் பார்த்தார். "ஆல்ட்டோவா? இங்க எந்தக் காரும் இல்லியேமா! எல்லாம் லாரிதான் கீது!"

விளக்கிச் சொல்ல அவள் வாயைத் திறந்தபோது, ட்ரெய்லருக்கு அடியில் குனிந்து யாரோ இந்தப் பக்கம் வந்தார்கள். ஃப்ளோரன்ஸ் மிஸ். அவருக்குப் பின்னால், முட்டியைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர். தேர்வாளர் லியோனார்ட். அவர்கள் வந்த ஆட்டோ அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது.

"ஷெர்லின்? நீ ஏன் இங்க நிக்கிற? எவனோ குறுக்க விட்டுட்டான் பாரு" என்றார் மிஸ்.

அருள்பிரகாசம் எதையோ சொல்ல வந்தார். ஷெர்லினின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ஆமாங்க, நான்தான்" என்றார்.

பரீட்சை நடக்கவேண்டிய சர்ச் ஹால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. லியோனார்டுக்கு முட்டி வலி, அவ்வளவு தூரம் நடக்க முடியாது. பன்னிரண்டு மணிக்கு ராயபுரத்தில் இன்னொரு மாணவருக்குப் பரீட்சை வேறு. அவர் வாட்சைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், வேடிக்கை பார்க்க இறங்கி நின்ற டிரைவர்களைப் பார்த்தார்.

"எட்டுப் பேர் இருந்தா போதும்னுதானே விதி? இவங்க எட்டுப் பேருக்கு மேலயே இருக்காங்க. ஆரம்பிம்மா."

"சார், இங்கயா?"

"நாற்பது நிமிஷம்" என்று சொல்லி, யாரோ இறக்கிக் கொடுத்த லாரி சீட்டில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

அருள்பிரகாசம் விரலை வாயில் வைத்து விசிலடித்தார். "டேய், அலெக்ஸாண்டரு! எல்லாத்தையும் இட்னு வா! வண்டி எப்டியும் நகராது. பாப்பாக்கு பரிச்சையாம்."

ஒன்பது பேர் வந்து நின்றார்கள். ஒருவர் கையில் பல் விளக்கும் பிரஷ் இருந்தது. ஷெர்லின் நோட்டைத் திறந்தாள். 'விழும் இடம் ஒன்று: நாலாவது பார். சொப்ரானோ மூச்சு முட்டும்.' சொப்ரானோ என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. ஆனால் தாளைப் பார்த்தபோது நேற்றுக் கேட்ட குரல்கள் அங்கேயே இருந்தன. கனத்த குரல்காரர்களை இடப்பக்கம் நிறுத்திப் பேஸ் குரலைக் கொடுத்தாள். மெல்லிய குரல்காரர்களுக்கு டெனர். மேல் குரல் இரண்டையும் தானும் மிஸ்ஸும் பாடிக்கொள்ளலாமா என்று தேர்வாளரைக் கேட்டாள். அவர் தலையசைத்தார்.

அவள் எழுதிய பன்னிரண்டு இடங்களில் மூன்றில்தான் அவர்கள் விழுந்தார்கள். எழுதாத ஒன்பது இடங்களில் விழுந்தார்கள். "வரட்டும்" என்பதை அலெக்ஸாண்டர் ஒவ்வொரு தடவையும் "வர்ட்டா" என்று பாடி, போகிறவர் மாதிரி ஒரு அடி எடுத்து வைத்தார். பேஸ் வரிசையில் ஒருவருக்கு ஒரே ஒரு ஸ்வரம்தான் வந்தது. எந்த இடத்துக்கு அது பொருந்துகிறதோ அங்கே மட்டும் பாடச் சொன்னாள். அவர் மிகுந்த பொறுப்போடு காத்திருந்து பாடினார்.

பத்தொன்பதாவது பார் வந்தது. "கொஞ்சம் பொறு" முடிந்ததும் ஒன்பது பேரும் அடுத்த வரியில் போய் மோதினார்கள்.

"இங்க மூணு எண்ணிக்கை சும்மா இருக்கணும்ணே. சிக்னல்ல இன்னும் மூணு செகண்ட் பாக்கி இருக்கு. என்ன பண்ணுவீங்க?"

"பூந்துடுவோம்" என்றார்கள் ஒரே குரலில். அன்று காலையிலேயே மிகச் சரியாகச் சேர்ந்து ஒலித்தது அதுதான்.

ஷெர்லின் நோட்டை மூடினாள். காலையில் தன் கையைக் கண்ணாடியில் பார்த்து அருள்பிரகாசம் எந்த இடத்தில் பிரேக் போட்டிருப்பார் என்று யோசித்தாள். அவரைப் பார்த்து, விரல்களை மடக்கிக் கையை நெஞ்சுக்கு நேரே நிறுத்தினாள்.

"அண்ணே, இது என்ன?"

"ஹோல்டான்."

"வண்டி நகருமா?"

"எப்டி நகரும்? கை தொறந்தாத்தான் எடுப்பேன்."

"அவ்வளவுதான் பாட்டு."

அடுத்த முறை "கொஞ்சம் பொறு" முடிந்து அவள் கையை மடக்கியதும், ஒன்பது பேரும் வாயால் "புஸ்ஸ்" என்று பிரேக் அடித்தார்கள். அதற்கடுத்த முறை ஒருவர் "ஹோல்டான்!" என்று கத்தினார். மூன்றாவது முறை, சத்தமில்லாத பிரேக் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். கை மடங்கியது. ஒன்பது பெரிய ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் ஹாரன்கள் அலறின.

மிஸ் கவலையோடு தேர்வாளரைப் பார்த்தார். "பாடறவங்க சும்மா இருந்தாப் போதும். ரோட்டுக்கு மார்க் இல்ல" என்றார் லியோனார்ட்.

அந்த நேரத்தில் ஒரு போக்குவரத்துக் காவலர் பைக்கில் வந்தார். குறுக்கே ட்ரெய்லர், நடுவில் வரிசையாக டிரைவர்கள், முன்னால் கையை மடக்கி உயர்த்திய ஒரு பெண்.

"இன்னாது, மறியலா?"

"பரிச்சை சார்" என்றார் அருள்பிரகாசம்.

"யாருக்கு?"

"பாப்பாக்குங்க. ஆனா நாங்க நல்லாத்தான் எழுதிகினு கீறோம்."

கடைசித் தடவை முழுப் பாட்டையும் தொடங்கினாள். முதல் வரி போய்க்கொண்டிருந்தபோதே வடக்குப் பக்கத்திலிருந்து அதே பாட்டு கேட்டது. நாலு குரலும் பிசகில்லாமல், பளபளவென்று வந்தது. ரோசி அக்காவும் ஒன்பது பெண்களும் ஆளைக் காணோமே என்று தேடி நடந்தே வந்திருந்தார்கள். பாட்டைக் கேட்டதும் வாய் சும்மா இருக்குமா? சேர்ந்துகொண்டார்கள். ஒரு நிமிடம் அது கேட்பதற்கு அற்புதமாகவே இருந்தது. பிறகு "கொஞ்சம் பொறு" வந்தது. ஷெர்லினின் கை மடங்கியது. டிரைவர்கள் பிரேக் அடித்து நின்றார்கள். பத்துப் பெண்களும் நிற்காமல் மௌனத்தின் மேல் ஏறி, "காற்று வரட்டும்" என்று கடலுக்கே கேட்கும்படி போய்விட்டார்கள்.

"யம்மா, சிக்னலு!" என்று கத்தினார் அலெக்ஸாண்டர்.

லியோனார்ட் பேனாவை மூடினார். "இவங்களுக்கு இந்தப் பாட்டு எப்படித் தெரியும்?"

ரோசி அக்கா முன்னால் வந்தார். "எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது சார். பாப்பா செவ்வாக்கெழம அனுப்புனாளே, அந்த இருபத்தோரு கிளிப்புல ஒண்ணைக் கூட நாங்க தொறக்கல."

ஃப்ளோரன்ஸ் மிஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அருள்பிரகாசம் ஆகாயத்தைப் பார்த்தார்.

"நான்தான் அனுப்பினேன் சார்" என்றாள் ஷெர்லின். "எனக்கு ஸ்கோர் படிக்கத் தெரியாது. வெள்ளிக்கிழமைவரை தெரியாது. நேத்துதான் படிச்சேன். இந்த ட்ரெய்லரும் நான் தாளம் போட்டதுலதான் குறுக்க வந்துச்சு. அந்தண்ணன் மேல தப்பில்ல."

லியோனார்ட் கையை நீட்டினார். நோட்டை வாங்கிப் புரட்டினார். "பன்னிரண்டுல மூணுதான் சரியா எழுதியிருக்க."

"ஆமா சார்."

"நான் முதல் பரீட்சையில இருபது எழுதினேன். ஒண்ணு கூடச் சரியில்ல." பிறகு தாளில் எழுதிக் கொடுத்தார். நூற்றுக்கு ஐம்பத்திரண்டு. தேர்ச்சிக்கு ஐம்பது. கீழே ஒரு குறிப்பு: பத்தொன்பதாவது பாரை ஓட்டுநர்கள் சரியாகக் காத்தார்கள், பெண்கள் நசுக்கினார்கள். பெண்களுக்கும் அதைத் திருத்திக் கற்பித்து, ஒரு மாதத்துக்குள் ஃப்ளோரன்ஸ் மிஸ் முன்னால் பாட வைத்தால்தான் சான்றிதழ்.

காவலரும் கிளீனரும் சேர்ந்து ட்ரெய்லரை எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. கையை அசைக்காமல் ஓரமாக நிற்கும்படி ஷெர்லினிடம் இரண்டு பேரும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எர்ணாவூர் சர்ச் ஹாலில் வேலை தொடங்கியது. ஷெர்லின் கையை மடக்கிக் காட்டினாள். அவர்கள் பாடிக்கொண்டே போனார்கள். மேசையைத் தட்டிக் காட்டினாள். தட்டுக்கும் சேர்த்துப் பாடினார்கள்.

"மூணு எண்ணிக்கை பத்துப் பொம்பளைங்க பேசாம இருக்கணுமா?" என்றார் ரோசி அக்கா. "பாடக்கூடாதுன்னா அதை எதுக்குப் பாப்பா பாட்டுக்குள்ள எழுதி வெச்சிகிறாங்க? வெளிய எங்கனா எழுதலாம்ல?"

இரண்டாவது ஞாயிறு அவர்களுக்கு ஸ்கோரையே கையில் கொடுத்தாள். அந்தச் சின்னக் கறுப்புக் கட்டையை ஒவ்வொருவரும் விரலால் தொட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேர் அவளைப் போலவே சுரண்டியும் பார்த்தார்கள். மூன்றாவது ஞாயிறு ஒரு எண்ணிக்கை நின்றார்கள். நாலாவது ஞாயிறு ஃப்ளோரன்ஸ் மிஸ் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் பொறு" முடிந்தது. ஷெர்லின் கையை மடக்கினாள். ஹாலில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. ஒன்று. பத்துப் பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு. ஷெர்லினின் கண் கலங்கியது.

"முடிஞ்சிச்சா பாப்பா?" என்றார் ரோசி அக்கா.